லண்டனில் எந்த ஓட்டலுக்குப் போவது?

எங்கள் வங்கியில் யாருக்காவது லண்டன் கிளைக்கு போஸ்டிங் வந்துவிட்டால் எனக்கு ஒரு போன் வரும். 2016 முதல் 2019 வரை மூன்று வருடம் அங்கே குப்பை கொட்டியவன் என்பதுதான் என் தகுதி. முதல் கேள்வி வீட்டு வாடகை. இரண்டாவது குழந்தைகளின் ஸ்கூல். மூன்றாவது, குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, "சார், அங்க சாப்பிட நல்ல ஓட்டல் எது?"

இந்த மூன்றாவது கேள்விக்கு மட்டும் நான் உடனே பதில் சொல்வதில்லை. "யாரோட போறீங்க?" என்று திருப்பிக் கேட்பேன். மனுஷன் பந்தா பண்ணுகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். பந்தா எல்லாம் இல்லை. லண்டனில் உலகத்தில் உள்ள எல்லா நாட்டுச் சாப்பாடும் கிடைக்கும். அதுதான் தொல்லையே. நம்மூரில் சைவமா அசைவமா என்று முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அங்கே அப்படி இல்லை.

நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் கடன் பிரிவில் காலம் தள்ளியவன். நாலு பேர் சேர்ந்து கடன் கேட்டு வந்தால், நாலு பேரில் யாரால் கட்ட முடியாமல் போகும் என்றுதான் முதலில் பார்ப்போம். ஓட்டலுக்கும் அதே கணக்குதான். மேஜையில் உட்காரப் போகிறவர்களில் யார் சாப்பிடாமல் எழுந்திருக்க வாய்ப்பு அதிகமோ, அவரை வைத்து இடத்தை முடிவு செய்யுங்கள். மற்றவர்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள்.

முதலில் பில்லைப் படிக்கப் பழகுங்கள்

மெனுவில் போட்டிருக்கும் விலையில் 20 சதவீத வாட் வரி ஏற்கெனவே அடக்கம். நம்மூர் மாதிரி கடைசியில் ஜி.எஸ்.டி. என்று தனியாக வந்து நிற்காது. ஆனால் சர்வீஸ் சார்ஜ் வரும். லண்டனில் பெரும்பாலும் 12.5 சதவீதம். 'விருப்பப்பட்டால்' என்று பொடி எழுத்தில் போட்டு, விருப்பத்தைக் கேட்காமலே கூட்டிவிடுவார்கள். சேவை பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடச் சொல்லலாம், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். 2024 அக்டோபர் 1 முதல் இந்தப் பணம் முழுவதும் ஊழியர்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அதனால் இப்போது போகிறவர்கள் மனசு உறுத்தாமல் கொடுக்கலாம்.

உட்கார்ந்ததும் "ஸ்டில்லா, ஸ்பார்க்லிங்கா?" என்று கேட்பார்கள். இரண்டுக்கும் காசு. "டாப் வாட்டர்" என்று சொல்லுங்கள். மது விற்க லைசென்ஸ் உள்ள இடங்கள் கேட்டவர்களுக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 2010-லிருந்து விதி இருக்கிறது. குழாய்த் தண்ணீர் என்று முகம் சுளிக்காதீர்கள், மூன்று வருடம் அதைத்தான் குடித்தோம்.

வாசல் கண்ணாடியில் பச்சையும் கறுப்புமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 0 முதல் 5 வரை சுத்தத்துக்கு மார்க். இங்கிலாந்தில் அதை ஒட்டியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒட்டாத கடை என்றால், உணவுத் தர அமைப்பின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

சைவக்காரர்களுக்கு மட்டும்

எங்கள் வீட்டில் எனக்கு ஆம்லெட் வரை அனுமதி. தங்கமணியும் மாமனாரும் சுத்த சைவம். ஆகவே இது பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இல்லை, போவதற்கு முன்பே தங்கமணி ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்ட பட்டியல். அசல் பார்மசான் சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் உண்டு. வூஸ்டர் சாஸில் நெத்திலி மாதிரி ஒரு மீன். பன்ன கோட்டா, ஜெல்லி வகைகளில் ஜெலட்டின். தாய்லாந்துக் குழம்புகளில் மீன் சாஸ். சில கடைகளில் உருளைக்கிழங்கு சிப்ஸை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது இன்னும் வழக்கம்.

பயப்படவும் வேண்டாம். சைவ சங்கம் ஒன்று 1847-லேயே தொடங்கிய நாடு அது. 'வீகன்' என்ற வார்த்தையும் 1944-ல் அங்கேதான் பிறந்தது. "நான் சைவம்" என்று சொன்னால் நம்மைப் பாவமாகப் பார்க்க மாட்டார்கள். மெனுவில் வி என்ற எழுத்து இருக்கும். சந்தேகம் வந்தால் கேளுங்கள், உள்ளே போய் சமையல்காரரிடம் கேட்டுவிட்டு வந்து சொல்வார்கள்.

ஆபீஸ் சாப்பாடு

வெள்ளைக்கார சகாக்கள் "உங்க ஊர் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போ" என்பார்கள். அவர்கள் மனதில் இருப்பது டிக்கா மசாலாவும் விண்டாலுவும். பிரிட்டனில் 'இந்தியன்' என்று போர்டு போட்ட பழைய ஓட்டல்களில் பெரும்பாலானவை பங்களாதேஷின் சில்ஹெட் பக்கத்துக்காரர்கள் நடத்துபவை. அந்தச் சாப்பாட்டை நானும் அங்கே போய்த்தான் முதல் முறையாகப் பார்த்தேன்!

எங்கள் டீமை சோஹோவில் இருக்கும் ஹாப்பர்ஸுக்குக் கூட்டிப் போனேன். 2015-ல் ஆரம்பித்த இலங்கைச் சாப்பாட்டுக் கடை. ஆப்பம், தோசை, கொத்து எல்லாம் உண்டு. அப்போது அங்கே ரிசர்வேஷன் கிடையாது, வரிசையில்தான் நிற்க வேண்டும். குளிரில் நின்று ஆப்பம் சாப்பிடுவதை அவர்கள் ஒரு சாதனையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. நம் ஆபீஸில் பிறந்தநாள்காரன் ட்ரீட் கொடுப்பான். அங்கே வெளியே சாப்பிடப் போனால் பெரும்பாலும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்தால், சாலட்டும் டாப் வாட்டரும் சாப்பிட்ட நீங்கள் இரண்டு பாட்டில் ஒயினுக்கும் சேர்த்துப் பங்கு கட்டுவீர்கள். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த சின்னப் பையன்களுக்கு இது பெரிய அடி. அதனால் ஏற்பாடு நம் கையில் இருந்தால் மதிய நேரத்து 'செட் மெனு' இருக்கும் இடமாகப் பாருங்கள். விலை முன்கூட்டியே தெரியும். சாயங்கால நாடகக் கூட்டத்துக்காக 'ப்ரீ தியேட்டர்' என்று இதே மாதிரி ஒன்று சில இடங்களில் உண்டு.

தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வந்தால் கதை வேறு. அவருக்கு வயிறு ரசம் சாதம் கேட்கும், பதவி வேறொன்று கேட்கும். ரீஜண்ட் தெருவில் வீராசாமி என்று ஒரு ஓட்டல். 1926-ல் எட்வர்ட் பாமர் என்பவர் தொடங்கியது. 2016-ல் மிஷ்லான் ஸ்டார் கிடைத்தது. நூறு வருடப் பெயர், ஜன்னல் வழியாக ரீஜண்ட் தெரு, மெனுவில் நம்ம சாப்பாடு. வயிறு, பதவி இரண்டுக்கும் சரிப்படும். 2025-ல் குத்தகை விஷயமாக கிரௌன் எஸ்டேட்டோடு பிரச்சினையாகி சட்டப் போராட்டம் வரை போயிற்று. அதனால் அதிகாரியை அழைத்துப் போகுமுன் ஒரு போன் போட்டுக்கொள்ளுங்கள்.

தங்கமணிக்குப் பிடித்த இடம்

கல்யாண நாளுக்கு தென்னிந்திய ஓட்டலுக்குப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. "இந்த தோசையைச் சாப்பிடறதுக்கு ரெண்டு ட்ரெய்ன் மாறி வரணுமா? மாவு வீட்லயே இருக்கே" என்று கேட்டுவிடுவாள். தினமும் சமைக்கிறவர்களை அவர்களுக்குச் சமைக்கத் தெரிந்ததைச் சாப்பிடக் கூட்டிப் போகக்கூடாது. சாம்பாரில் புளி ஜாஸ்தி என்று மனசுக்குள் வேலை பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ரெஸ்ட் எங்கே கிடைக்கும்?

எங்களுக்குச் சரியாக அமைந்தது எத்தியோப்பியச் சாப்பாடு. வடக்கு லண்டன் பக்கம் இந்தக் கடைகள் உண்டு. டெஃப் என்ற பொடித் தானியத்தை மாவாக்கி, புளிக்க வைத்து, ஒரு பக்கம் மட்டும் வேகவிட்ட பெரிய தோசை. பெயர் இஞ்சரா. அதன் மேலேயே பருப்பு, கீரை, முட்டைக்கோஸ் என்று கூட்டு வகைகளை வைத்துத் தருவார்கள். கையால் பிய்த்துச் சாப்பிட வேண்டும். எத்தியோப்பியக் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரத நாள், அன்று பால், நெய்கூடச் சேர்க்க மாட்டார்கள். அதனால் 'விரதச் சாப்பாடு' என்று கேட்டால் முழுச் சைவத் தட்டு வரும். ஆப்பிரிக்காவிலும் வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறார்கள் என்பதில் தங்கமணிக்கு ஒரே சந்தோஷம்.

பெண்ணின் பத்தாவது பிறந்தநாளுக்கு இடம் தேடும்போது அவள் போட்ட ஒரே நிபந்தனை, "அப்பா, இட்லி மட்டும் வேண்டாம், ப்ளீஸ்." கோபப்படவில்லை. வகுப்பில் அவள் ஏற்கெனவே டிபன் பாக்ஸைத் திறக்கும்போது நாலு பேருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறவள். வந்த ஆறு குழந்தைகளில் ஒன்றுக்கு ஹலால், ஒன்றுக்கு வேர்க்கடலை ஒத்துக்காது, எங்கள் வீட்டுக்காரி சைவம். பீட்சா எக்ஸ்பிரஸ் பொருந்தியது. 1965-ல் சோஹோவில் பீட்டர் பாய்சாட் என்பவர் தொடங்கிய கடை, அவரே சைவம் என்பது உபரித் தகவல். வேர்க்கடலை, பால், முட்டை, எள் உள்பட 14 பொருட்களில் எது எதில் இருக்கிறது என்று ஓட்டல்கள் சொல்லியே ஆக வேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால் அந்தக் குழந்தையின் அம்மா நிம்மதியாக விட்டுவிட்டுப் போனார். குழந்தைகளே மாவைத் தட்டி பீட்சா செய்தார்கள். அன்று எங்கள் பெண் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஊர் ஞாபகம் வரும் ஞாயிறுகள்

அதற்கு ஈஸ்ட் ஹாம் அல்லது டூட்டிங். ஹாரோ, வெம்ப்ளி பக்கமும் உண்டு. ஈஸ்ட் ஹாமில் முருகன் கோயிலும் இருக்கிறது, சரவண பவனும் இருக்கிறது, வேறென்ன வேண்டும்! ஆனால் நாங்கள் அதிகம் போனது இலங்கைத் தமிழர்களின் சின்னக் கடைகளுக்கு. இடியாப்பம், சொதி, சம்பல். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்து சேர்ந்த குடும்பங்கள் நிறைய. கடைக்காரர் எங்களிடம் "எத்தனை வருஷத்துக்கு வந்திருக்கிறீங்கள்?" என்று கேட்பார். மூன்று என்று சொல்வோம். நாங்கள் அவரிடம் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டதில்லை.

மாமனார் வந்தபோது

2017 மே மாதம் மாமனார் வந்தார். கோவில்பட்டிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார், நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். ஆனால் மெனு கார்டைக் கையில் கொடுத்தால் வலது பக்கம் மட்டும்தான் பார்ப்பார். தோசை ஏழு பவுண்டு. அப்போது ஒரு பவுண்டு சுமார் 85 ரூபாய். உதடு அசையும், பெருக்கல் முடியும். "595 ரூவா. எனக்குப் பசிக்கலை மாப்பிள்ளை, நீங்க சாப்பிடுங்க."

இது வெறும் சிக்கனம் இல்லை. மாத்திரை போட்ட உடம்பு, பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். தங்கமணிக்கு அழுகையே வந்துவிட்டது.

அவருக்காக நான் மூன்று வழி கண்டுபிடித்தேன். முதல் வழி, யூஸ்டன் ஸ்டேஷன் பக்கத்தில் ட்ரம்மண்ட் தெரு. அங்கே மதியம் பஃபே உண்டு. அப்போது தலைக்குப் பத்து பவுண்டுக்குள். ஒரே விலை என்பதால், சாப்பிடாவிட்டாலும் காசு போய்விடும் என்று அவரே இரண்டாவது தட்டு எடுக்கப் போனார்! இரண்டாவது, சவுத்தாலில் ஹேவ்லாக் ரோடு குருத்வாரா. 2003-ல் கட்டிய பெரிய கோயில். தலையில் துணி கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தால் ரொட்டியும் பருப்பும் போடுவார்கள். விலையே இல்லை. மாமனார் சாப்பிட்டுவிட்டு உண்டியலில் பத்து பவுண்டு போட்டார். 850 ரூபாய் என்று அப்போது அவருக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாவது வழி கணக்கு. அந்த வருடம் 25 வயதைத் தாண்டியவர்களுக்கு அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு ஏழரை பவுண்டு. "மாமா, தோசை ஏழு பவுண்டு. இங்க கூட்டிப் பெருக்குறவர்கூட ஒரு மணி நேரத்துல அதைச் சம்பாதிச்சிருவார்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நம்மூர்ல கொத்தனார் கையாளுக்கு நாளைக்கு நானூறு. எட்டு மணி நேரம்னா மணிக்கு அம்பது. தோசை நாப்பது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "கிட்டத்தட்ட சரியாத்தான் வருது." அன்று மசால் தோசை சொன்னார். பில்லை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், ஊரில் காட்டுவதற்கு.

ஒரு மதியச் சாப்பாடு

கடைசியாக ஒன்று. இது யாரும் போனில் கேட்காதது.

எங்கள் கிளைக்குப் பயிற்சிக்காக மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்திருந்தான். ஒரே மகன். ஒரு நாள் காலையில் ஊரிலிருந்து அவனுக்குப் போன், "அப்பாவுக்கு சீரியஸ், உடனே கிளம்பி வா." இரவு விமானத்துக்கு டிக்கெட் போட்டோம். சிறிது நேரத்தில் அவனுடைய சித்தப்பா என் நம்பருக்குப் பேசினார். விஷயம் விடிகாலையிலேயே முடிந்துவிட்டது. "அவன் வந்து இறங்குற வரைக்கும் சொல்லிராதீங்க சார். தனியா அவ்வளவு தூரம் வரணும். ஒரு வாய் சாப்பிட வச்சு அனுப்புங்க. வந்துட்டா காரியம் முடியிற வரைக்கும் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டான்."

எங்கே கூட்டிப் போவது? ஈஸ்ட் ஹாம் வேண்டாம். தமிழ்ப் பேச்சு, தமிழ்ப் பாட்டு, தெரிந்த முகம் எதுவும் அன்று கூடாது. கூட்டமான இடமும் கூடாது, அடுத்த ஆள் நிற்கிறார் என்று மேஜையைத் துடைக்க வருவார்கள். ஆனால் சாதம் வேண்டும், தயிர் வேண்டும். ஸ்ட்ராண்ட் தெருவில் இந்தியா கிளப்புக்குக் கூட்டிப் போனேன். நம் தூதரகத்துக்குப் பக்கம். இந்தியா லீக்கும் கிருஷ்ண மேனனும் சேர்ந்து 1951-ல் தொடங்கிய இடம். குறுகலான படி ஏறி இரண்டாவது மாடி. பழைய மேஜைகள், சுவரில் காந்தி படம். எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் கேட்க மாட்டார்கள்.

வெள்ளைச் சாதமும் தயிரும் சொன்னேன். பிசைந்துகொண்டே இருந்தான். "அப்பாவுக்கு ஒண்ணும் ஆயிருக்காதுல்ல சார்?" என்றான். "முதல்ல சாப்பிடு தம்பி" என்றேன். தட்டு காலியானதும் இன்னும் கொஞ்சம் சாதம் கொண்டுவரச் சொன்னேன். அதையும் சாப்பிட்டான். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு அறைக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஹீத்ரோ போனோம்.

பதினாறாம் நாள் காரியம் முடித்துத் திரும்பி வந்தவன், அதைப் பற்றி ஒரு மாதம் எதுவும் பேசவில்லை. பிறகு ஒரு நாள் லிஃப்டில் தனியாக இருந்தபோது சொன்னான், "நீங்க ரெண்டாவது தடவை சாதம் போடச் சொன்னப்பவே தெரிஞ்சிருச்சு சார்."

இந்தியா கிளப் 2023 செப்டம்பரில் மூடப்பட்டுவிட்டது. கட்டட உரிமையாளர்கள் அதைப் புதுப்பித்து ஓட்டலாக்க விரும்பினார்கள். மூடவிடக் கூடாது என்று பல வருடம் நடந்த முயற்சி பலிக்கவில்லை.

எனவே இப்போது போகிறவர்களுக்கு என் யோசனை: போன முதல் மாதத்திலேயே, ஹாப்பர்ஸ், வீராசாமி எல்லாம் பார்ப்பதற்கு முன்னால், இப்படி ஒரு இடத்தைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். சாதமும் தயிரும் கிடைக்க வேண்டும். பாட்டுச் சத்தம் கூடாது. எழுந்திரு என்று சொல்லக்கூடாது. ஆபீஸிலிருந்து அரை மணிக்குள் போகிற தூரம். லண்டன் என்றில்லை, புனே, தில்லி, குர்காவ்ன் என்று நம்மில் யார் எங்கே இருந்தாலும் வேண்டும். ஊரிலிருந்து அந்தப் போன் நம்மில் யாருக்கும் வரலாம், பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் வரலாம்.

மும்பைக்குத் திரும்பி வந்ததும் நான் மாட்டுங்கா பக்கம் ஒரு இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். பெயர் மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டால் அங்கே கூட்டமாகிவிடும்.